சோணகிரிப் பட்டம்

எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் சோணகிரியாக இருந்தே ஆகவேண்டும். அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் இன்னொருவரை ஏமாற்றிவிட்டால் ஏமாந்தவருக்குப் பட்டம் போய்ச் சேரும். அவர் வேறு யாரையாவது ஏமாற்றிக் கைமாற்றிவிடும் வரைக்கும் அது அவர் தலையில்தான். சாப்பாட்டு நேரத்தில்கூட, சோணகிரிக்குச் சோறு போட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. எலவனாசூர்கோட்டையில் வேறு எந்த வீட்டிலும் இது கிடையாது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

பெரியப்பா வேகமாக உள்ளே வந்து, மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்பார். அப்பா சாப்பிட்ட கையோடு ஓடுவார். மாடு கட்டின இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருக்கும். பட்டம் அப்பாவுக்கு. அப்பா அம்மாவிடம் வந்து, இன்றைக்கு முழுக்கக் கரண்ட் இருக்காதாம், மாவை இப்போதே அரைத்துவிடு என்பார். அம்மா அலறியடித்து அரைத்து முடிப்பாள். கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போயிருக்காது. பட்டம் அம்மாவுக்கு. அம்மாவிடம் வந்தால் மட்டும் அது மாதக்கணக்கில் தங்கிவிடும். மற்றவர்களை ஏமாற்ற அவளுக்கு நேரம் கிடைக்காது. ஒரு தடவை அலுத்துப்போய், அது பாட்டுக்கு என்கிட்டயே கிடந்துட்டுப் போவட்டும் என்று சொல்லிவிட்டாள். விளையாட்டே நின்றுபோய்விடும் என்று பயந்து, நான் வேண்டுமென்றே அம்மாவிடம் ஏதோ கேட்டு, ஏமாந்து, பட்டத்தை வாங்கிக்கொண்டேன். அப்படியாவது அது நடமாட்டத்தில் இருக்கட்டும் என்று.

அந்தப் பட்டம் ஒருமுறைகூட அண்டாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் தங்கை. பெரியப்பா போடுகிற திட்டங்கள் எல்லாம் அத்தையிடம் வந்து படுத்துவிடும். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "வேணாண்ணா, அங்க எதுவும் எரியல, நீ போயி உக்காரு" என்று சொல்லிவிடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், பொய் சொல்ல வரும்போது பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வருவார், நிஜமாக அவசரம் என்றால் மடித்துக்கட்டியிருப்பார் என்பாள். நான் அசந்துபோனேன். அதற்கப்புறம் ஊரில் உள்ள எல்லா வேட்டிகளையும் கவனித்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அத்தை கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். பட்டன் போன் காலம் அது. உங்கள் நம்பருக்கு வெளிநாட்டு லாட்டரியில் கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருக்கிறது, பேங்க் விவரங்களை உடனே அனுப்புங்கள் என்று மெசேஜ் வரும். அதை நம்பிக்கொண்டு போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வருவார்கள். ஆங்கிலத்தில் ஒரு மெயில் அடித்துக் கொடு பாப்பா என்பார்கள். இது திருட்டு வேலைங்க, அனுப்பாதீங்க என்று அத்தை சொன்னால், பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். மீதிப் பேர், பரிசை இவளே அமுக்கப் பார்க்கிறாள் என்று சண்டைக்கு வருவார்கள். சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் அன்றைய கதைகளை அத்தை நடித்துக் காட்டுவாள். சினிமாவெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

இப்படி நாள் முழுக்க ஏமாறுகிறவர்களோடு பழகியதாலோ என்னவோ, அவர்களுக்கென்று அத்தையிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று நான் கேட்டபோது கோபம் வந்துவிட்டது அவளுக்கு. ஏமாளி என்பது பரீட்சையில் எழுதுவதற்கான வார்த்தையாம், வாயால் யாரும் சொல்வதில்லையாம். அப்பாவி என்பது பேப்பர்காரர்கள் போடுவது. அப்பாவி என்று போட்டால் அந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வெகுளி என்று பெற்ற தாய் சொல்வாள். அப்புராணி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், சொல்லிக்கொண்டே அவனுடைய ஏணியைக் கேட்டு வாங்கிப் போவார். ஏமாந்தபிறகும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் இளிச்சவாயன். அதே ஆளிடம் அதே மாதிரி திரும்பவும் ஏமாந்தால் கேனை. மாங்கா என்பதைச் சிநேகிதர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், அதில் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் மாமனார் மருமகனைச் சொன்னால் பஞ்சாயத்துதான். இப்போது என் கல்லூரியில் பல்பு வாங்கினான் என்கிறார்கள், ஆடு சிக்கிடுச்சு என்கிறார்கள். இவற்றையெல்லாம் அத்தை எந்த வரிசையில் வைப்பாள் என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

அப்போது சோணகிரி? அது பெரிய ஆள் என்றாள் அத்தை. எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது, நம்ம வூட்லதான் ஆளுக்கு ஆள் வெச்சிக்கினு மலிவாக்கிட்டீங்க என்றாள்.

அப்படிப்பட்ட அத்தைக்குக் கல்யாணம் கூடிவராமல் இழுத்துக்கொண்டே போனது. வந்த வரன்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் என் காதுக்குப் பின்னாலிருந்து சாக்லேட் எடுத்துக் காட்டினார். அவர் எனக்கு மாமாவாக வந்தால் நம் வீட்டு விளையாட்டு எங்கேயோ போய்விடும் என்று நான் துள்ளிக் குதித்தேன். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். பேசும்போது மூஞ்சியைப் பார்க்காமல் வளையலைப் பார்க்கிறான் என்பது அவள் சொன்ன காரணம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இப்படியே ஆளை எடை போட்டுக்கொண்டிருந்தால் கடைசியில் தராசுதான் மிஞ்சும் என்று பெரியப்பா கத்தினார். இனி வருகிற இடத்தை அவரே பார்த்து முடித்துவிடப் போவதாகவும் சொன்னார். அத்தை கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவரைத் திருப்பி ஒன்று கேட்காமல் அவள் துணி மடித்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

அப்போதுதான் நைனார்பாளையத்து வரன் வந்தது. மாப்பிள்ளை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அவர்கள் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பெரியப்பாவும் விசாரிக்கக் கிளம்பினார்கள். விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் வீட்டில் கேட்கக்கூடாது, நல்லதையே சொல்வார்கள். அண்டை வீட்டில் கேட்கக்கூடாது, கெட்டதையே சொல்வார்கள். டீக்கடைதான் சரியான இடம். அதுவும் வந்த விஷயத்தைச் சொல்லக்கூடாது. வேறு வேலையாக வந்தமாதிரி உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இவர்கள் இருவரும் மக்காச்சோளம் வாங்க வந்த வியாபாரிகளாகப் போனார்கள். பெரியப்பா அதற்காகப் பழைய சட்டை போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பெரியப்பா வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அத்தை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வேண்டாம் என்றார் பெரியப்பா. குடி, சீட்டு எதுவும் கிடையாதாம். ஆனால் வேண்டாம். கதையை அப்பாதான் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தக் கடைக்கு ஒருவன் வந்திருக்கிறான். கல்வராயன் மலையிலிருந்து வருகிறேன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பாறையில் எடுத்த தேன் என்று பெரிய தூக்குவாளியைத் திறந்து காட்டியிருக்கிறான். மேலே தேனடை மிதந்ததாம். அதன்மேல் தேனீக்கள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தனவாம். மாப்பிள்ளை அப்படியே மயங்கிப்போய், அவன் கையில் இருந்ததோடு நிற்காமல், சைக்கிளில் கட்டியிருந்த கேனையும் சேர்த்து வாங்கிவிட்டார். மலையில் நிஜமாகத் தேன் எடுப்பவர்களுக்குத் தெருத்தெருவாக வாளி தூக்கிக்கொண்டு அலையவெல்லாம் நேரம் இருக்காது, இவன் மலையை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவனாகத்தான் இருக்கும் என்று பெரியப்பா இடையில் புகுந்து சொன்னார்.

நல்ல தேனை நாய் தொடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கடை வாசலில் படுத்திருந்த நாய்க்கு முன்னால் ஒரு கரண்டி ஊற்றினாராம். நாய் நக்கியது. தரையைச் சுத்தமாக நக்கி முடித்துவிட்டு, இன்னும் வருமா என்று தலையைத் தூக்கிப் பார்த்ததாம். கேன் முழுக்க வெல்லப்பாகு. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் இந்தக் கதையை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பிடுங்கிச் சொல்லியிருக்கிறார்கள். அப்புராணிங்க என்றார் ஒருவர். பச்ச மண்ணுங்க என்றார் இன்னொருவர். பின் பெஞ்சிலிருந்து யாரோ இளிச்சவாயன் என்றார்களாம். நாய் கண்டுபிடித்ததைப் பி.எஸ்சி. கண்டுபிடிக்கவில்லை என்று அப்பா முடித்தபோது எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அத்தைதான். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டினாள்.

அந்தச் சிரிப்போடு அத்தை இன்னொன்றும் கேட்டுவைத்தாள். மக்காச்சோள வியாபாரிகளை அவர்கள் நம்பினார்களா என்று. அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். இரண்டாவது டீயை வைக்கும்போதே டீக்கடைக்காரர், பொண்ணு இன்னாங்க படிச்சிருக்குது என்று கேட்டுவிட்டாராம்.

அதற்கும் சிரித்து ஓய்ந்தபிறகு அத்தை சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்பறம் அந்தத் தேன இன்னா பண்ணாராம்?"

"அதக் கேளு மொதல்ல" என்றார் பெரியப்பா. "அதுதான் இருக்கறதுலயே பெரிய கூத்து."

பாகை பாட்டில் பாட்டிலாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, இது தேன் இல்லை, வெல்லப்பாகு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கடையின் முன்வரிசையில் வைத்துவிட்டாராம். பணியாரத்துக்கும் அடைக்கும் ஆகும் என்று சிலர் வாங்கிப் போயிருக்கிறார்கள். மீதியை அவர்கள் வீட்டில் இன்னும் தோசைக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தாளைப் படித்துவிட்டு, எப்படி ஏமாந்தாய் என்று கேட்க, அவரும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்ததே அப்படித்தான்.

"ஏமாந்தான், சரி. நாம ஏமாறலயா? எல்லாரும் ஏமாறுறதுதான்" என்றார் பெரியப்பா. "தேன்னு சொல்லியே வித்துட்டா எவனுக்குத் தெரியப்போவுது? வந்தத அப்டியே அடுத்தவன் தலைல தள்ளி வுடத் தெரியல பாரு, அவந்தாண்டா சோணகிரி."

அத்தை வாயிலிருந்த முறுக்கை மெல்லாமல் நிறுத்தினாள். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். பிறகு அதை மென்று விழுங்கினாள்.

"அவங்கள வரச் சொல்லுண்ணா" என்றாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப்போல நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியப்பா சத்தம் போட்டார். ஊரையே எடை போடுகிறவளுக்கு இப்படி ஒருத்தனா என்றார். நாளைக்கு எவனாவது வந்து பத்திரத்தைக் கேட்டால் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவான், நீ நடுத்தெருவில் நிற்பாய் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவும் தலையாட்டினாள். அத்தை மட்டும், பீரோ சாவி என்கிட்டதான இருக்கும் என்றாள். சண்டை அதோடு நின்றது. ஆனால் பெரியப்பா ஒரு நிபந்தனை போட்டார். வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், ஆனால் அவர்கள் கிளம்பும் முன்பே அத்தை தன் முடிவைச் சொல்லிவிட வேண்டும். யோசிக்கிறேன், பார்க்கலாம் என்று இழுக்கிற வேலை இனிமேல் கிடையாது.

எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம். அத்தை இந்த வீட்டை விட்டுப் போவதே எனக்குப் பெரிய துக்கம். போனாலும் அவளுக்குச் சமமாக விளையாடத் தெரிந்த ஒருவரோடு போக வேண்டாமா? நாய்க்குத் தெரிந்தது தெரியாதவரோடு அத்தை எப்படிப் பேசிக்கொண்டிருப்பாள்? சாயங்காலக் கதைகளை யாரிடம் சொல்வாள்? அவரே ஒரு கதையாக அல்லவா இருப்பார்?

அவர்கள் வருகிற அன்று காலையில் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"பட்டம் இப்ப யார்கிட்டடி?"

என்னிடம்தான் இருந்தது. முந்தின வாரம் பெரியப்பா கொடுத்தது.

"அத அவர்கிட்ட குடுத்துடு" என்றாள். "குடுக்கறப்ப அவர் மூஞ்சி எப்டி போவுதுன்னு நல்லா பாத்துக்கினு வந்து சொல்லு. கூட்டாம கொறைக்காம சொல்லணும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தையும் என் கட்சிதான். அவரை மாட்டிவிட்டு, பெரியப்பாவிடம் காரணம் காட்டி அனுப்பிவிடப் போகிறாள். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

மதியத்துக்கு மேல் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, கட்டம்போட்ட சட்டையில் இருந்தார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெரியவர்கள் யார் யாருக்கு எந்த ஊரில் என்ன உறவு என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு களமருதூர் வரைக்கும் போய் அங்கே யாரோ ஒருவர் வீட்டில் சிக்கிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை நாற்காலியில் நெளிந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பாருங்க தம்பி என்று அப்பா சொன்னார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு. அதில் தவளையும் தண்ணீரும்தான் உண்டு.

உள்ளே ஓர் ஆமை இருக்கிறது என்றேன். எதைக் கேட்டாலும் மேலே வந்து தலையாட்டிப் பதில் சொல்லும் என்றேன். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில்.

அவர் கைப்பிடிச் சுவரில் கையை வைத்து எட்டிப் பார்த்தார். அதுக்கு யாரு பாப்பா சொல்லிக் குடுத்தாங்க என்று கேட்டார். அதுவாகவே கற்றுக்கொண்டது என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஆமைக்கு ஆயுசு ஜாஸ்தி, கத்துக்க நேரம் இருந்திருக்கும் என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த முகத்தில் கிண்டலுக்கு இடமே இல்லை. எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"சத்தமா கேக்கணுமா, மெதுவா கேட்டா போதுமா?"

"மெதுவாவே கேளுங்க. அதுக்குக் காது நல்லா கேக்கும்."

சட்டைப் பையில் இருந்த பேனா விழுந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து, தண்ணீரைப் பார்த்து ஒன்று கேட்டார். எனக்கும் அது காதில் விழுந்தது. ஆனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காத்திருந்த அழகுதான் எனக்கு முக்கியம். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு குமிழி வந்தது. மூச்சு வுடுது பாரு என்றார் என்னிடம், ரகசியமாக. என் மூச்சே முட்டியது. அடக்க முடியாமல் வெடித்துவிட்டேன். கைதட்டிக்கொண்டு, "ஏமாந்த சோணகிரி, ஏமாந்த சோணகிரி" என்று கிணற்றைச் சுற்றி வந்தேன்.

அத்தை சொன்னது ஞாபகம் வந்து சட்டென்று நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கவும் இல்லை. திரும்பவும் ஒரு தடவை கிணற்றுக்குள் பார்த்துவிட்டு, அப்ப ஆமையே இல்லையா பாப்பா என்று கேட்டார். இல்லாமல் போனதில் அவருக்கு வருத்தம் போலிருந்தது.

நான் விதிமுறையை விளக்கினேன். இந்தப் பட்டம் இனிமேல் அவருடையது. யாரையாவது ஏமாற்றினால்தான் போகும். இல்லாவிட்டால் கூடவே இருக்கும். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய நல்ல நேரம், அந்தச் சமயம் பார்த்துப் பெரியப்பா பின்பக்கம் வந்தார். கிணறு என்றால் பெரியப்பாவுக்கு உயிர். தூர் வாரியது முதல் சுவர் எழுப்பியது வரை எல்லாம் அவர் கையால் செய்தது. இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் நடை வேகமானது. வரும்போதே பாதி குனிந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, உள்ள இன்னா? பாம்பா?"

நான் மாப்பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாங்க என்று சொன்னால் முடிந்தது. பெரியப்பாவிடமே பட்டம் போய்ச் சேரும். வந்த இடத்தில், வந்த அன்றைக்கே, தன்னை வேண்டாம் என்று சொன்ன மனிதரையே வீழ்த்திய மாப்பிள்ளை என்று பேர் வாங்கியிருப்பார். நானே அவரை மன்னித்து மாமாவாக ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"ஒன்னுமில்லிங்க" என்றார் அவர். "ஆமை ஒன்னு இருக்கு, கேட்டா தலையாட்டும்னு பாப்பா சொல்லுச்சு. நம்பிட்டேங்க."

பெரியப்பா நிமிர்ந்தார். "நம்பிட்டீங்களா?"

"ஆமாங்க. ரொம்ப நேரமா பாத்துக்கினு இருந்தேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் சொல்ல ஓடினார். நாங்கள் உள்ளே வருவதற்குள் செய்தி கூடம் முழுக்கப் பரவியிருந்தது. இரண்டு வீட்டாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மா, இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க என்று ஆரம்பித்து இன்னொரு கதைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் காது சிவந்திருந்தது. அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டே ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். அத்தையின் கணக்குப்படி பார்த்தால் இளிச்சவாயன், கேனை எல்லாம் தாண்டி உச்சியில் உட்கார்ந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன்.

ஜெயித்த குதிரை மாதிரி உள்ளறைக்கு ஓடினேன். அத்தை பட்டுப் புடவையில் ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சரியான சோணகிரி அத்தை, நான் பார்த்ததிலேயே பெரிய சோணகிரி என்று ஆரம்பித்து, பேனா, குமிழி, மூச்சு எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா குனிந்ததையும், அருமையான சந்தர்ப்பத்தை அவர் பாழாக்கியதையும் சொன்னேன். அத்தை நடுவில் ஒரே ஒரு தடவை கேட்டாள், கோவப்பட்டாரா என்று. இல்லை என்றேன். சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இப்போது பெரியப்பாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"ஆமைகிட்ட இன்னா கேட்டாரு?"

அதைச் சொல்ல மறந்தே போயிருந்தேன்.

"உனக்கு அவரப் புடிச்சிருக்கான்னு கேட்டாரு."

அத்தை ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"எப்டி கேட்டாரு? அப்டியே சொல்லு."

குனிந்து, சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு, அவரைப்போலவே செய்து காட்டினேன். "அவங்களுக்கு என்னப் புடிச்சிருக்கா?" நன்றாகக் கேலி செய்கிற குரலில்தான் சொன்னேன். அத்தைக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் பெரியப்பாவின் குரல் கேட்டது. அவர்கள் கிளம்பப் போகிறார்களாம், பதில் வேண்டுமாம். அம்மா கதவருகே வந்து நின்றாள். அத்தை அம்மாவைப் பார்த்துச் சரி என்பதுபோல் தலையை அசைத்தாள். அம்மாவால் நம்ப முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லு என்றாள். சம்மதம்னு சொல்லிடுங்கண்ணி என்றாள் அத்தை.

எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு சொன்னபிறகும்! பரிசு விழுந்ததாக நம்பிக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்புகிற அத்தை, பெரியப்பாவின் வேட்டியைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிற அத்தை, கண்ணெதிரே இப்படித் தப்பான முடிவு எடுக்கிறாளே என்று இருந்தது. என் சாட்சியில் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது. நான் சரியாகச் சொல்லவில்லை.

அம்மா கூடத்துக்குப் போனதும் அத்தை கதவை லேசாகச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுடி. மொதல்லேர்ந்து."

நான் சொன்னதில் அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று புரிந்துகொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று, நான் அவர் விரலைப் பிடித்ததிலிருந்து ஆரம்பித்தேன்.